பகாமாஸின் ஆழமற்ற கடலில் சொந்தப் படகு: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

புளோரிடாவிலிருந்து வளைகுடா நீரோட்டத்தைக் குறுக்காகக் கடந்து, கிரேட் பகாமா பேங்க் என்னும் பெருந்திட்டின் மேல் ஏறும் படகுக்கு, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழமாக இருந்த கடல் மிகக் குறுகிய நேரத்தில் நான்கைந்து மீட்டராகக் குறைந்துவிடும். அங்கிருந்து நசாவுக்கும் எக்சூமா தீவுகளுக்கும் போகும் வழியில், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ‘டங் ஆஃப் தி ஓஷன்’ பள்ளத்தைத் தவிர்த்துப் பார்த்தால், படகின் அடியில் துடுப்புபோல் கீழே நீளும் கீலுக்கும் தரைக்கும் இடையே ஓர் ஆள் உயரத் தண்ணீர்கூட இல்லாத இடங்கள் பல உண்டு. இக்குறிப்பு 12 மீட்டர் நீளமும், தண்ணீருக்குள் 1.6 மீட்டர் இறங்கும் ஒற்றைக் கீலும், ஒரு டீசல் எஞ்சினும், டிங்கி என்னும் ஒரு சிறு துணைப் படகும் கொண்ட பாய்மரப் படகை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வேறு வகைப் படகுக்கு எங்கே மாற்றம் தேவையோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறேன்.

இக்கடலில் நான் நேரில் கண்ட சேதங்களில் பெரும்பாலானவை முதல் தவற்றால் நேர்ந்தவை அல்ல. தவறு தெரிந்த கணத்தில் பதறி எஞ்சினை முடுக்கியதால் நேர்ந்தவை. ஆழமற்ற நீருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: காற்று மிதமாக இருக்கும் நாளில், பவளம் இல்லாத மணல் தரையாகப் பார்த்து, அநேகமாக எங்கு வேண்டுமானாலும் நங்கூரத்தை இறக்கிவிட்டு யோசிக்கலாம். ஆகவே கீழே வரும் அறிகுறிகளில் எதைக் கண்டாலும், முதலில் வேகத்தைக் குறைப்பதும் தேவையானால் நிறுத்துவதுமே முதல் வேலை.

அறிகுறி: முன்னே தண்ணீரின் நிறம் மாறுகிறது

வெண்மை படர்ந்த நீர் என்றால் மணல் மேலே வந்துவிட்டது, அங்கே 1.6 மீட்டர் படகு போகாது. வெளிறிய பச்சை கலந்த நீலம் இரண்டு மூன்று மீட்டரைக் குறிக்கும். நிறம் அடர்ந்து நீலமாக ஆக ஆக ஆழம் கூடுகிறது. இவ்வளவும் மணல் தரைக்குப் பொருந்தும். சிக்கல் கருமையில்தான் இருக்கிறது, ஏனெனில் மூன்று வெவ்வேறு பொருள்கள் தொலைவிலிருந்து ஒரே கருமையாகத் தெரியும். விளிம்பு மங்கலாகக் கரைந்து பரந்து கிடப்பது பெரும்பாலும் கடற்புல். சிறியதாக, விளிம்பு கூர்மையாக, பழுப்பு கலந்து தெரிவது தனித்து எழுந்த பவளப் பாறை. மன்னார் வளைகுடாவில் ‘பார்’ என்று சொல்லப்படுவதன் ஒற்றைத் துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பது மேகத்தின் நிழல். எது என்று தெரியாவிட்டால் எஞ்சினை நியூட்ரலில் போட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். நிழலாக இருந்தால் அது இடம் மாறிவிடும்; பாறையாக இருந்தால் அங்கேயே நிற்கும்.

நான்காவதாக, பால் கலந்ததுபோல் வெண்மையாக, பல நூறு மீட்டர் பரப்பில் கலங்கிய நீர் தெரிவதும் உண்டு. மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் நீரில் மிதப்பதால் அது உண்டாகிறது. செயற்கைக்கோள் படங்களில்கூட அது தெரியும். ஆழம் அங்கே குறைந்துவிடவில்லை என்றாலும், தரை கண்ணுக்கு மறைந்துவிடுவதால் அதற்குள் நுழையாமல் சுற்றிப் போவதையே நான் விரும்புகிறேன்.

நிறத்தைப் படிக்கச் சூரியன் உயரத்தில், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். போலராய்டு கண்ணாடி அணிந்த ஒருவர் படகின் முன்முனையான அணியத்தில் உயரமான இடத்தில் நிற்க வேண்டும். நசாவிலிருந்து வடக்கு எக்சூமாவில் உள்ள ஹைபோர்ன் தீவு ஏறத்தாழ 35 கடல் மைல். ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் ஆறு மணி நேர ஓட்டம். நடுவழியில் உள்ள ‘யெல்லோ பேங்க்’ பகுதியில் பவளப் பாறைகள் ஆங்காங்கே எழுந்து நிற்கின்றன. தென்கிழக்காகப் போகும்போது காலைச் சூரியன் கண்ணில் அடிக்கும் என்பதால், அப்பகுதியை நடுப்பகலிலோ சற்றுப் பின்னரோ கடக்கும்படி புறப்பட வேண்டும். வடமேற்காகத் திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். முற்பகலிலேயே அதைக் கடந்துவிட வேண்டும். பிற்பகல் நான்கு மணிக்கு மேற்கு நோக்கி, மின்னும் நீரைப் பார்த்துக்கொண்டு வழி தேடுவதைவிட, மணலில் நங்கூரமிட்டு, இரவில் நங்கூர விளக்கை ஏற்றிவைத்து, மறுநாள் போவது நல்லது.

அறிகுறி: ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரின் எண் தாவுகிறது, மின்னுகிறது, அல்லது நம்ப முடியாததாக இருக்கிறது

முதலில் அலகைப் பாருங்கள். வரைபடம் அடியிலும் கருவி மீட்டரிலும் இருந்தால், வரைபடத்தின் ‘6’ என்பது ஆறு மீட்டர் அல்ல, இரண்டு மீட்டருக்கும் குறைவு. அடுத்தது, கருவி எந்த இடத்திலிருந்து அளக்கிறது என்பது. உணரியிலிருந்தா, நீர்மட்டத்திலிருந்தா, கீலின் அடியிலிருந்தா என்று அதன் அமைப்பில் இருக்கும் திருத்த எண்ணே தீர்மானிக்கிறது. படகை வாங்கியபோது முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன எண் அப்படியே இருக்கக்கூடும். நங்கூரமிட்டு நிற்கும்போது ஈயக் குண்டு கட்டிய அளவுக் கயிற்றை இறக்கி ஒரு முறை ஒப்பிட்டுவிட்டால் இந்த ஐயம் நிரந்தரமாகத் தீரும்.

எண் திடீரென இரட்டிப்பானால், கடினமான தரையில் மோதி மேலே வந்த ஒலி மறுபடி படகின் அடியில் பட்டுக் கீழே போய்த் திரும்பிய இரண்டாம் எதிரொலியைக் கருவி பிடித்திருக்கலாம். மிகக் குறைந்த ஆழத்தில் இது நேர்வதால்தான் ஆபத்து. 2 மீட்டர் இருக்கும் இடத்தில் 4 என்று காட்டும். பின்னோக்கி எஞ்சினை இயக்கும்போது எண் மறைந்துபோனால், புரொப்பல்லர் எழுப்பும் குமிழிகள் உணரியின் முன்னே ஓடுகின்றன என்று பொருள். நியூட்ரலில் போட்டால் சில நொடிகளில் எண் திரும்பும். எக்காரணத்தாலானாலும், தனித்து எழுந்த பவளப் பாறையைப் பற்றி எக்கோ சவுண்டர் முன்கூட்டிச் சொல்லாது. அது சொல்லும்போது படகு பாறையின் மேல் இருக்கும்.

அறிகுறி: திரையில் ஒன்று, கண்முன் வேறொன்று

ஜிபிஎஸ் உங்கள் இடத்தைச் சில மீட்டருக்குள் சரியாகச் சொல்கிறது. பிழை பெரும்பாலும் வரைபடத்தில் இருக்கிறது. பழைய அளவீட்டில் வரையப்பட்டிருக்கும், அல்லது புயலுக்குப் பின் மணல் இடம் மாறியிருக்கும். மின்னணு வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தால் திட்டுகளே திரையிலிருந்து மறைந்துவிடுவதும் உண்டு. 2014 நவம்பரில் வால்வோ ஓஷன் ரேஸ் பந்தயத்தில் ஓடிய ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ என்ற படகு, தேர்ந்த மாலுமிகள் இருந்தும், மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஜோஸ் பவளத் திட்டில் இரவில் ஏறி நின்றதற்கு இதுவே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே ஒவ்வொரு நாள் வழியையும் முந்தைய இரவே முழுமையாகப் பெரிதாக்கி, தொடக்கம் முதல் முடிவு வரை விரலால் நகர்த்திப் பார்த்துவிட வேண்டும். மென்பொருள் தானாக வரைந்து தரும் வழியை இக்கடலில் நான் பயன்படுத்துவதே இல்லை.

இந்தியாவிலோ இலங்கையிலோ படகோட்டப் பழகியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நம் கடலில் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடக்கைப்பக்கம் இருக்க வேண்டும்; பகாமாஸ் உள்ளிட்ட அமெரிக்கக் கண்டப் பகுதியில் அது வலக்கைப்பக்கம் இருக்க வேண்டும். கை பழகிய வழக்கம் அவசரத்தில் மேலெழும் என்பதால், சுக்கானுக்கு அருகில் இதை எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

அறிகுறி: எஞ்சினின் வெப்பம் ஏறுகிறது, வெளியேறும் தண்ணீர் குறைகிறது

ஆர்பிஎம்மைக் குறைத்து, படகு மணலுக்கு மேல் இருக்கும்போது நங்கூரத்தை இறக்கி, பிறகு எஞ்சினை அணையுங்கள். பேங்க் மேல் இதற்குப் பத்தில் ஒன்பது முறை காரணம் கடற்புல்லோ, மிதக்கும் சர்கசோப் பாசியோ, மணலோ கடல்நீர் வடிகட்டியை அடைத்துக்கொண்டிருப்பதுதான். கடல்நீர் உள்ளே வரும் வழியை அடைக்கும் சீகாக்கை மூடி, வடிகட்டியைத் திறந்து கழுவி, மூடியின் ரப்பர் வளையம் சரியாக அமர்கிறதா என்று பார்த்து மூடுங்கள். அது காற்றை இழுத்தாலும் நீர் ஏறாது. வடிகட்டி சுத்தமாக இருந்தும் நீர் வரவில்லை என்றால் சீகாக்கின் வாயையும், அதன் பின் நீரை இழுக்கும் பம்பின் இதழ்ச்சக்கரமான இம்பெல்லரையும் பார்க்க வேண்டும். இம்பெல்லரில் இதழ் முறிந்திருந்தால், முறிந்த துண்டு எங்கே என்று தேடி எடுக்காமல் வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளாதீர்கள். அது வெப்பமாற்றியின் வாயில் போய் அடைத்துக்கொண்டு அடுத்த வாரம் மீண்டும் இதே அறிகுறியைத் தரும். சூடாக இருக்கும்போது குளிர்நீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. எஞ்சின் உயிர்பெறாமல் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட்டரைச் சுழற்ற நேர்ந்தால், சீகாக்கை மூடிவிட்டுச் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் சைலன்சரில் நீர் நிரம்பி எஞ்சினுக்குள்ளேயே ஏறிவிடும். எஞ்சின் பிடித்தவுடன் சீகாக்கைத் திறந்துவிட வேண்டும்.

அறிகுறி: படகு தரை தட்டிவிட்டது

இங்கே முதல் பத்து நொடி முக்கியமானது. மென்மையாக மணலில் ஏறியிருந்தால், நியூட்ரலில் போட்டுவிட்டு, உள்ளே தண்ணீர் கசிகிறதா என்று தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். சுக்கான் தடையின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே, ஒரே ஒரு முறை, மிதமாகப் பின்னோக்கி இழுத்துப் பார்க்கலாம். முழு விசையில் பின்னோக்கி இயக்கினால் புரொப்பல்லர் தள்ளும் நீர் மணலைக் கீலுக்கு அடியிலேயே குவிக்கிறது. கலங்கிய மணல் குளிர்நீர்க் குழாய்க்குள் புகுகிறது. என் முதல் பருவத்தில் நான் இதைத்தான் செய்தேன். அரை மணி நேரத்தில் படகும் சிக்கியிருந்தது, எஞ்சினும் சூடேறி நின்றது. ஒரு பிழையாக இருந்தது இரண்டாயிற்று.

தட்டியது பவளப் பாறையில் என்றால் இழுப்பதே கூடாது. பாறை உடையும், அது நூற்றாண்டுகளில் வளர்ந்தது. படகின் உடலில் ஓட்டை விழுந்திருந்தால், பாறையின் மேல் நிற்கும் படகு மூழ்காது. ஆழத்துக்கு இழுக்கப்பட்ட படகு மூழ்கும். முகமூடி அணிந்து இறங்கிச் சுற்றிப் பார்த்து, ஓட்டை இருந்தால் அடைத்து, ஏற்றநீர் தூக்கும்வரை பொறுத்திருப்பதே முறை.

அடுத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். நசாவில் ஓத ஏற்ற இறக்கம் சராசரியாக முக்கால் மீட்டர் அளவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டரை நெருங்கும். உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையே ஏறத்தாழ ஆறே கால் மணி நேரம். ஏற்றம் 90 சென்டிமீட்டர் என்று கொண்டால், முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்காக 7.5 சென்டிமீட்டரும், இரண்டாம் மணியில் 15-உம், மூன்றாம் நான்காம் மணிகளில் 22.5 வீதமும், பிறகு 15-உம் 7.5-உமாக நீர் உயரும். இது தோராயக் கணக்கு. ஆனாலும் முடிவெடுக்கப் போதுமானது. நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது தட்டியிருந்தால், ஒரு மணி நேரம் பொறுத்தாலே பெரும்பாலும் தானாக மிதக்கும். உயர்நீருக்கு ஒரு மணி நேரம் கழித்துத் தட்டியிருந்தால், அதே மட்டம் திரும்ப ஏறத்தாழ பத்தரை மணி நேரம் ஆகும். ஆகவே அடுத்த சில நிமிடங்களுக்குள் விடுவித்தாக வேண்டும். பேங்கின் உட்பகுதியில் ஓதம் நசாவின் நேரத்துக்குப் பின்தங்கி வரும் என்பதையும், தொடர்ந்து வீசும் காற்று நீர்மட்டத்தையே தாழ்த்தவோ உயர்த்தவோ செய்யும் என்பதையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடுவிக்க இரண்டு வழிகளை ஒன்றாகச் செய்ய வேண்டும். முதலாவது, இரண்டாம் நங்கூரத்தை டிங்கியில் ஏற்றி, படகு வந்த திசையில், அதாவது ஆழம் இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த திசையில், முப்பது நாற்பது மீட்டர் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கயிற்றை வின்ச்சில் சுற்றி இறுக்குவது. எதுவும் நகராவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் காற்றும் அலையும் படகை மேலும் மேலும் திட்டின் மேல் ஏற்றும். இரண்டாவது, படகைச் சாய்ப்பது. பாயின் அடியைத் தாங்கும் கட்டையான பூமை வெளியே தள்ளி அதன் முனையில் ஆட்களோ நீர்க் கேன்களோ தொங்கவிட்டால், அல்லது காற்று வாகாக இருந்து பாயை இறுக்கினால், படகு 20 பாகை சாயும்போது ஒற்றைக் கீலின் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர் குறையும். இறக்கை வைத்த கீலுக்கும் இரட்டைக் கீலுக்கும் இது பொருந்தாது. சாய்த்தால் அவற்றின் ஆழம் கூடிவிடும். இரட்டை உடல் கொண்ட கேட்டமரனைச் சாய்க்கவும் முடியாது; அதற்கு எடையை இறக்குவதும் ஓதத்துக்குக் காத்திருப்பதுமே வழி.

நீர் வடிந்துகொண்டே போகிறது, இனி முடியாது என்று தெரிந்தால், போராட்டத்தை நிறுத்திவிட்டுப் படகைப் படுக்கவைக்கத் தயார் செய்யுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தால் அலை தளத்துக்குள் புகாதோ, அந்தப் பக்கமாக, திட்டின் மேட்டை நோக்கிச் சாயச் செய்து, அப்பக்கத்துச் சன்னல்களையும் சீகாக்குகளையும் மூடி, டீசல் தொட்டியின் காற்றுக் குழாய் வழியே எண்ணெய் வடியாதபடி பார்த்து, பேட்டரிகளைக் கட்டி வையுங்கள். விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் சேனலில் உங்கள் நிலையைச் சொல்லுங்கள். அருகிலுள்ள படகுகள் கேட்கும், பகாமாஸ் வான்கடல் மீட்புச் சங்கத்தின் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். வேறொரு படகு கயிறு தர முன்வந்தால், கயிற்றைக் கட்டும் முன்பே, இது இழுவைக் கூலியா, படகின் மதிப்பில் பங்கு கேட்கும் மீட்புக் கூலியா என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: விடுபட்ட பின் அதிர்வு

வேகத்தைக் கூட்டும்போது அதிர்வும் கூடினால் புரொப்பல்லரின் இதழ் வளைந்திருக்கலாம் அல்லது கயிறோ புல்லோ சுற்றியிருக்கலாம். எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். அதிர்வில்லாத ஆர்பிஎம்மைக் கண்டுபிடித்து அதற்கு மேல் போகாமல் நசாவ் வரை போகலாம். அதிர்வோடு ஓட்டினால் தண்டின் நீர்த்தடுப்பு தேய்ந்து கசியத் தொடங்கும்.

அறிகுறி: நங்கூரம் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தது இழுபடுகிறது

எக்சூமாவில் பல இடங்களில் மணல் ஒரு மெல்லிய போர்வை மட்டுமே. அடியில் சுண்ணாம்புப் பாறை. நங்கூரம் பிடித்ததுபோல் தோன்றி, காற்று ஏறியதும் வழுக்கும். சங்கிலியில் கையை வைத்தால் விட்டுவிட்டு வரும் அதிர்வு அதைச் சொல்லிவிடும். தண்ணீர் தெளிவாக இருப்பதால் இதற்கு ஊகம் தேவையில்லை. நீந்திப் போய் நங்கூரத்தின் முனை முழுவதும் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இங்கே ஒவ்வொரு முறையும் நான் இதைச் செய்கிறேன். புல்லின் மேல் கிடந்தால் எடுத்து வெள்ளை மணலில் மறுபடி இடுங்கள்.

சங்கிலியின் நீளத்தைக் கணக்கிடும்போது பலரும் செய்யும் பிழை, நீரின் ஆழத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. ஆழம் 3 மீட்டர், அணியத்தின் உயரம் 1.2, வரப்போகும் ஏற்றம் 0.9 என்றால் மொத்தம் 5.1, வழக்கமான ஏழு மடங்குக்கு ஏறத்தாழ 36 மீட்டர் விட வேண்டும். மூன்றை மட்டும் ஏழால் பெருக்கியவர் 21 மீட்டரோடு நிற்கிறார். நள்ளிரவில் நீர் ஏறும்போது அவருடைய ஏழு மடங்கு நான்கு மடங்காகச் சுருங்கியிருக்கும்.

நீரோட்டம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கொரு முறை திசை மாறும் குறுகிய வாய்க்கால்களில், அணியத்திலிருந்தே இரண்டு நங்கூரங்களை, ஒன்றை ஓட்டத்தின் மேல்திசையிலும் மற்றொன்றைக் கீழ்த்திசையிலும் இடுவது இங்குள்ள பழைய முறை. படகு சிறிய வட்டத்துக்குள் சுழலும். ஆனால் மற்றவர்கள் ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் இடத்தில் இதைச் செய்தால் அவர்கள் சுழன்று வந்து உங்கள் மேல் மோதுவார்கள். 1958-இல் உருவாக்கப்பட்ட எக்சூமா கேஸ் நிலக் கடல் பூங்காவுக்குள், வார்டெரிக் வெல்ஸ் போன்ற இடங்களில் கட்டுமிதவைகள் இருக்கின்றன. அவை காலியாக இருந்தால் நங்கூரத்தைத் தொடவே வேண்டாம். அப்பூங்காவில் மீன் பிடிப்பதற்கும் சிப்பி எடுப்பதற்கும் தடை உண்டு.

அறிகுறி: கடல்வாயில் அலை செங்குத்தாக எழுகிறது

எக்சூமா தீவுகளுக்கு மேற்கே ஆழமற்ற பேங்க், கிழக்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமான எக்சூமா சவுண்ட். இடையே உள்ள குறுகிய கடல்வாய்களை அங்குள்ளோர் ‘கட்’ என்கிறார்கள். டோத்தம் கட், கேலியட் கட் போன்றவற்றின் வழியே பேங்கின் நீர் ஒவ்வோர் ஓதத்திலும் உள்ளேயும் வெளியேயும் ஓடுகிறது. நீர் வெளியே ஓடும்போது கிழக்குக் காற்று, நம் கொண்டல், எதிரே வீசினால் அலைகள் குறுகி, உயர்ந்து, நின்ற இடத்திலேயே உடைகின்றன. வெளியிலிருந்து வருபவர் அலைகளின் முதுகை மட்டுமே பார்ப்பதால் நிலைமை உண்மையில் இருப்பதைவிடச் சாதுவாகத் தெரியும். வெள்ளை நுரை வாயின் குறுக்கே முழுவதும் படர்ந்திருந்தால் நுழையாதீர்கள். நீர் திசை மாறும் வரை வெளியே ஆழத்தில் காத்திருங்கள், அல்லது அகலமான வேறொரு வாய்க்குப் போங்கள். நுழைந்துவிட்ட பின் தெரிந்தால் நடுவில் திரும்ப முயலக் கூடாது. எஞ்சின் ஓட, கதவுகள் மூடியிருக்க, சுக்கான் கட்டுப்படும் அளவு வேகத்தைக் காத்து நேராகக் கடந்துவிட வேண்டும்.

அறிகுறி: தென்கிழக்குக் காற்று தளர்ந்து தெற்குக்குத் திரும்புகிறது

நவம்பர் முதல் ஏப்ரல் வரை, வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் குளிர்முகப்பின், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பின், முதல் அறிகுறி இதுதான். காற்றழுத்தமானியும் இறங்கத் தொடங்கியிருக்கும். காற்று தெற்கு, தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு, வடக்கு எனக் கடிகாரச் சுற்றில் திரும்பும். நம் பேச்சில் சொன்னால் கச்சானாக மாறி வாடையில் முடியும். எக்சூமாவின் வழக்கமான நங்கூர இடங்கள் தீவுகளின் மேற்குப் பக்கத்தில் இருப்பதால், கிழக்குக் காற்றில் குளம்போல் இருந்த இடம் மேற்குக் காற்றில் பல மைல் திறந்த பேங்கின் அலை நேராக வந்து மோதும் கரையாகிவிடும். தெற்குக் காற்று இதமாக இருக்கும், கடலும் அமைதியாக இருக்கும். அதனால்தான் பலர் தாமதிக்கிறார்கள். மேற்கே மறைப்புள்ள இடங்கள் சிலவே. அவை முன்னதாகவே நிரம்பிவிடும். காற்று தெற்குக்கு வந்த அன்றே, சூரியன் நிறம் காட்டும் உயரத்தில் இருக்கும்போதே நங்கூரத்தைத் தூக்கி, மேற்கிலும் வடக்கிலும் நிலம் மறைக்கும் இடத்துக்குப் போய், மறுபடி இறங்கி நீந்தி, நங்கூரத்தின் முனை புதைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.